மியாண்டர் போட்டு டிராக்கை நீட்டுவது: எவ்வளவு, எந்த இடைவெளியில்

கேள்வி இதுதான்: ஆறு லேயர் போர்டு, ஒரு புராசஸர், பக்கத்தில் ஒரு டிடிஆர்3 மெமரி சிப். டேட்டா லைன்களை எல்லாம் இழுத்து முடித்தாயிற்று. நீளம் பார்த்தால் ஒன்று 19 மி.மீ., இன்னொன்று 31 மி.மீ. குட்டையான டிராக்குகளை (போர்டில் ஓடும் காப்பர் கோடுகளை) பாம்பு போல நெளித்து, அதாவது மியாண்டர் போட்டு, நீட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு துல்லியமாக நீட்டுவது? நெளிவுகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, உயரம் எவ்வளவு? மூலையை 45 டிகிரியில் வெட்டுவதா, வில் போல வளைப்பதா? அதே போர்டில் இருக்கும் யுஎஸ்பி, எஸ்பிஐ லைன்களுக்கும் இதைச் செய்ய வேண்டுமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சமமாக வேண்டியது சிக்னல் போய்ச் சேரும் நேரம். நீளம் என்பது அந்த நேரத்தை அளக்க ஒரு வசதியான வழி, அவ்வளவுதான். பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

வெற்றிடத்தில் ஒளி ஒரு நானோசெகண்டில் ஏறக்குறைய 300 மி.மீ. போகும். எஃப்ஆர்-4, அதாவது வழக்கமான கண்ணாடி இழை போர்டில் சிக்னலுக்கு அந்த வேகம் கிடைக்காது. காப்பருக்குள் எலக்ட்ரான் நகரும் வேகம் இங்கே கணக்கே இல்லை. டிராக்குக்கும் அதன் அடியில் லேயர் முழுக்கப் பரவியிருக்கும் காப்பர் பரப்பான கிரவுண்ட் பிளேனுக்கும் நடுவே மின்காந்த அலை போகும் வேகம்தான் கணக்கு. நடுவில் இருக்கும் பொருளின் டைஎலக்ட்ரிக் மாறிலி எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தால் ஒளியின் வேகத்தை வகுத்துக்கொள்ளுங்கள். உள் லேயரில் இரண்டு பிளேன்களுக்கு நடுவே ஓடும் டிராக்குக்கு மாறிலி 4.2 என்று வைத்தால் வேகம் நானோசெகண்டுக்கு 146 மி.மீ.; அதாவது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 6.8 பிகோசெகண்ட். மேல் லேயரில் ஓடும் டிராக்கின் மின்புலத்தில் ஒரு பங்கு காற்றில் இருக்கிறது. அதனால் அங்கே மாறிலி 3 அளவுக்கு இறங்கி, மில்லிமீட்டருக்கு 5.8 பிகோசெகண்ட்தான் ஆகும். இந்த எண்கள் போர்டின் அடுக்கமைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். உங்கள் போர்டைச் செய்பவரிடம் அடுக்கமைப்பு விவரத்தை வாங்கிக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

இதை உங்கள் போர்டில் வைத்துப் பார்ப்போம். டேட்டாவை எப்போது படிக்க வேண்டும் என்று நேரம் காட்டும் ஸ்ட்ரோப் லைன், அதாவது டிக்யூஎஸ், உள் லேயரில் 31 மி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பயண நேரம் 211 பிகோசெகண்ட். அதே குழுவில் உள்ள ஒரு டேட்டா லைன், இடம் இல்லாததால் மேல் லேயரில் 31 மி.மீ. போகிறது. சாஃப்ட்வேர் பச்சை நிறத்தில் ‘சரி’ என்று காட்டும், நீளம் அச்சு அசலாக ஒன்றாக இருக்கிறதே! ஆனால் அதன் பயண நேரம் 180 பிகோசெகண்ட். முப்பது பிகோசெகண்ட் முன்னாலேயே போய் நிற்கும். அதை ஸ்ட்ரோபோடு சேர்க்க 36 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஒரே குழுவில் உள்ள எல்லா லைன்களையும் ஒரே லேயரில் கொண்டுபோங்கள். மியாண்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம், எவ்வளவு துல்லியம் என்ற கேள்வி. டிடிஆர்3-1600 என்றால் கிளாக் 800 மெகாஹெர்ட்ஸ், கிளாக்கின் இரண்டு விளிம்பிலும், அதாவது அது ஏறும்போதும் இறங்கும்போதும், டேட்டா மாறும், ஆகவே ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 625 பிகோசெகண்ட். உங்கள் 19 மி.மீ. லைனுக்கும் 31 மி.மீ. லைனுக்கும் உள்ள வித்தியாசம் 12 மி.மீ., நேரத்தில் 82 பிகோசெகண்ட். பிட் நேரத்தில் 13 சதவீதம் அதிலேயே போய்விடுகிறது. மெமரிக்குத் தேவையான செட்டப், ஹோல்ட் நேரங்கள் (படிக்கும் கணத்துக்கு முன்னும் பின்னும் டேட்டா மாறாமல் நிற்க வேண்டிய நேரம்), புராசஸருக்குள் மெமரியை இயக்கும் கன்ட்ரோலரின் தடுமாற்றம், கிராஸ்டாக் (பக்கத்து டிராக்கிலிருந்து தாவும் சிக்னல்), பவர் லைனின் இரைச்சல் எல்லாம் அதே 625-லிருந்துதான் பங்கு கேட்கின்றன. மிச்சம் எவ்வளவோ அதுதான் டிராக் நீள வித்தியாசத்துக்கான பட்ஜெட். இந்தக் கணக்கைச் சிப் தயாரிப்பாளரே போட்டு, தன் லேஅவுட் கையேட்டில் ஒரு எண்ணாகக் கொடுத்திருப்பார். ஒரு டேட்டா குழுவுக்குள் 10, 20 பிகோசெகண்ட் போன்ற எண்கள் சாதாரணமாகத் தென்படும். உங்கள் சிப்பின் கையேடு என்ன சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

10 பிகோசெகண்ட் என்றால் உள் லேயரில் ஒன்றரை மில்லிமீட்டர். அவ்வளவு தளர்வா என்று ஆச்சரியப்பட வேண்டாம். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை எல்லா டிராக்கையும் சமப்படுத்திவிட்டு, அதைப் படம் எடுத்துக் காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். 0.01 மி.மீ. என்பது 0.07 பிகோசெகண்ட். அந்த அளவு வித்தியாசத்தை எந்த மெமரியும் கண்டுகொள்ளாது. ஆனால் அந்தத் துல்லியத்துக்காக நெளிவுகளை நெருக்கித் திணித்தால், அதனால் வரும் பிழை பல பிகோசெகண்ட் இருக்கும். பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

எதை எதோடு சமப்படுத்துவது என்பதும் முக்கியம். டிடிஆர்3-ல் எட்டு டேட்டா லைன், ஒரு மாஸ்க் (அந்த பைட்டை எழுதாமல் விடச் சொல்லும் லைன்), ஒரு ஜோடி ஸ்ட்ரோப் சேர்ந்தது ஒரு பைட் குழு. டேட்டா தன் ஸ்ட்ரோபோடு சேர்ந்து வர வேண்டும். அட்ரஸ், கமாண்ட் லைன்கள் கிளாக்கோடு சேர்ந்து வர வேண்டும். ஒரு பைட் குழுவுக்கும் அடுத்த பைட் குழுவுக்கும் நடுவே அவ்வளவு கறார் கிடையாது. கன்ட்ரோலர் எழுதும்போது ஒவ்வொரு ஸ்ட்ரோபையும் கிளாக்கோடு தானே சரிசெய்துகொள்வதற்கு ரைட் லெவலிங் என்று ஒரு வசதி இருக்கிறது. இது தெரியாமல் முப்பத்திரண்டு டேட்டா லைனையும் ஒரே நீளத்துக்கு நெளித்து, போர்டு முழுக்கப் பாம்பு விட்ட மாதிரி செய்து வைப்பவர்கள் உண்டு. வீண் வேலை, வீண் இடம்.

ஸ்ட்ரோப், கிளாக் ஜோடிகளை முதலில் நேராக, நெளிவே இல்லாமல் இழுத்துவிட்டு, மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டு நீட்டுவதுதான் நல்ல வரிசை. நேரம் காட்டும் லைனே கோணிக்கொண்டு போனால், அதில் வரும் குறை குழுவில் உள்ள எல்லா லைனுக்கும் போய்ச் சேரும்.

நீளத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறோம் என்பதிலும் சில பள்ளங்கள் உண்டு. சிப்புக்கு உள்ளே சிலிக்கானிலிருந்து அடியில் இருக்கும் பந்து வரை ஒரு குட்டி போர்டே இருக்கிறது. பெரிய பிஜிஏ (அடியில் பந்து வரிசை உள்ள) சிப்புகளில் அந்த உள் நீளம் காலுக்குக் கால் சில மில்லிமீட்டர் மாறும். தயாரிப்பாளர் அந்த நீளங்களைக் கொடுத்திருந்தால் அதையும் கூட்ட வேண்டும். போர்டு வரையும் சாஃப்ட்வேரான கிகேடில் ஒவ்வொரு பேடுக்கும் (சிப்பின் காலைச் சால்டர் செய்யும் காப்பர் இடத்துக்கும்) ‘பேட் டு டை லெங்த்’ என்று ஒரு கட்டம் இதற்காகவே இருக்கிறது. தயாரிப்பாளர் சிப்புக்குள்ளேயே சமப்படுத்திவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கூட்டக் கூடாது. அடுத்தது வியா, சிக்னலை லேயருக்கு லேயர் கடத்தும் துளை. 1.6 மி.மீ. தடிமன் போர்டில் மேலிருந்து கீழே இறங்கும் வியா பத்து பிகோசெகண்டுக்கு மேல் எடுக்கும். ஒரு குழுவில் எல்லா லைனும் ஒரே மாதிரி ஒரே லேயருக்கு இறங்கினால் கவலை இல்லை, எல்லோருக்கும் அதே தாமதம். ஒன்று மட்டும் இரண்டு தடவை ஏறி இறங்கினால் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நடுவில் சீரிஸ் ரெசிஸ்டர் இருந்தால் இன்னொரு சிக்கல். ரெசிஸ்டருக்கு முன்னால் ஒரு நெட் (இணைப்பு) பெயர், பின்னால் ஒரு நெட் பெயர். சாஃப்ட்வேர் இரண்டையும் தனித்தனி லைனாகப் பார்த்துத் தனித்தனி நீளம் காட்டும். ஆல்டியம் என்ற சாஃப்ட்வேரில் எக்ஸ்சிக்னல் என்ற வசதி இரண்டையும் ஒரே பாதையாகச் சேர்த்துப் பார்க்கும். அப்படி ஒன்று இல்லாத இடத்தில் ஒரு தாளில் கூட்டிக்கொள்வதுதான் வழி. கடைசியாக ஒரு சின்னது: டிராக்கை இழுக்கும்போது பேடுக்குள்ளே தேவையில்லாமல் ஒரு துண்டு, ஒரு மடிப்பு கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, மேலே பேட் மூடியிருக்கும். நீளக் கணக்கில் மட்டும் அது ஏறிவிடும். எண்கள் விசித்திரமாக இருந்தால் டிராக்குகளைக் கோடுகளாக மட்டும் காட்டும் முறைக்கு மாறிப் பேடுக்குள்ளே பாருங்கள்.

இனி நெளிவின் அளவு. 19 மி.மீ. லைனில் 12 மி.மீ. கூட்ட வேண்டும். ஒரு நெளிவு என்பது மேலே ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து, கீழே இறங்கி, மறுபடி பக்கவாட்டில் நகர்வது. பக்கவாட்டு நகர்வு எப்படியும் போக வேண்டிய தூரம்தான். கூடுதலாகக் கிடைப்பது ஏற்றமும் இறக்கமும், அதாவது உயரத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம் 1.2 மி.மீ. என்றால் ஒரு நெளிவுக்கு 2.4 மி.மீ. மூலைகளை 45 டிகிரியில் வெட்டும்போது கொஞ்சம் குறையும்: மூலையின் இரண்டு பக்கமும் 0.15 மி.மீ. வெட்டினால் 0.30 மி.மீ. பாதைக்குப் பதில் 0.21 மி.மீ. சாய்வு வருகிறது, மூலைக்கு 0.09 மி.மீ. நஷ்டம். ஒரு நெளிவில் நாலு மூலை. கழித்தால் நிகரமாக 2.05 மி.மீ. ஆக, 12 மி.மீ.க்கு ஆறு நெளிவு.

எவ்வளவு இடம் பிடிக்கும்? அது இடைவெளியைப் பொறுத்தது. டிராக் அகலம் 0.12 மி.மீ., பிளேனுக்கு உள்ள தூரம் 0.10 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, நெளிவின் பக்கத்துக் கால்களின் (ஏறும், இறங்கும் பகுதிகளின்) ஓரத்துக்கு ஓரம் 0.40 மி.மீ. விட்டால், மையத்துக்கு மையம் 0.52 மி.மீ. ஒரு நெளிவுக்கு அதில் இரண்டு, 1.04 மி.மீ. ஆறு நெளிவுக்கு 6.2 மி.மீ. நேர் ஓட்டம் வேண்டும். டிராக் அகலமே இடைவெளி என்று 0.12-ல் நெருக்கினால் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கேதான் ஆசை வரும்.

நெருக்கினால் என்ன ஆகும்? நெளிவின் ஒரு காலில் சிக்னல் மேலே போகிறது, அடுத்த காலில் கீழே வருகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். முதல் காலில் ஏறும் அலை, அடுத்த காலில் கிராஸ்டாக்காக ஒரு சிறு அலையை எழுப்பும். இதில் நியர் எண்ட் கிராஸ்டாக், அதாவது மூல அலை கிளம்பிய முனையை நோக்கித் திரும்பும் பகுதி, எப்போதும் மூல அலைக்கு எதிர்த்திசையில் போகும். மூல அலை மேலே போகிறது என்றால் கிராஸ்டாக் அலை அடுத்த காலில் கீழே போகும். ஆனால் அடுத்த காலில் கீழே போவது என்பதுதான் சிக்னல் போக வேண்டிய திசை! ஆக அந்தச் சிறு அலை, மூலையைச் சுற்றி வர வேண்டிய சிக்னலை முந்திக்கொண்டு ரிசீவரை நோக்கி ஓடுகிறது. ஒவ்வொரு நெளிவிலும் இதே கதை. திருப்பத்துக்குத் திருப்பம் சுற்றிப் போகும் மலைச் சாலையில் ஒற்றையடிப் பாதையாகக் குறுக்கே இறங்குபவன் முன்னால் போய்ச் சேர்வது போல, சிக்னலின் ஒரு பகுதி குறுக்கு வழியில் போய்விடுகிறது.

இதன் பலன் இரண்டு. குட்டைக் கால்கள், வேகம் குறைந்த விளிம்பு என்றால், ரிசீவரில் பார்க்கும்போது சிக்னல் கணக்கிட்டதைவிடச் சில சதவீதம் சீக்கிரம் வந்துவிடும். 12 மி.மீ. கூட்டினோம் என்று சாஃப்ட்வேர் சொல்லும். அதற்குரிய தாமதம் முழுதாகக் கிடைத்திருக்காது. நீளமான கால்கள், வேகமான விளிம்பு என்றால் நிலைமை வேறு: உண்மையான விளிம்பு வருவதற்கு முன்னாலேயே வோல்டேஜ் படிப்படியாக ஏறத் தொடங்கும். ஆசிலாஸ்கோப்பில் இது ஏணிப் படி மாதிரியே தெரியும். கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலமான படி.

காலின் நீளத்துக்கும் விளிம்பின் வேகத்துக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். 1.2 மி.மீ. காலில் அலை போய்வர 16 பிகோசெகண்ட். சிக்னல் விளிம்பு ஏற 100 பிகோசெகண்ட் எடுத்தால், கிராஸ்டாக் தன் முழு உயரத்தை எட்டுவதற்குள் கால் முடிந்துவிடும். அதனால் உயரத்தைக் குறைத்து நெளிவுகளை அதிகமாக்குவது, உயரமாக நாலே நாலு நெளிவு போடுவதைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆனால் குறைக்கவும் ஓர் எல்லை உண்டு. உயரம் மிகக் குறைந்தால் மூலை வெட்டிலேயே எல்லாம் போய், நிகரமாக ஒன்றும் மிஞ்சாது.

இடைவெளிக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு: ஓரத்துக்கு ஓரம், பிளேனுக்கு உள்ள தூரத்தைப் போல குறைந்தது மூன்று மடங்கு, முடிந்தால் நாலு. டிராக் அகலத்தைப் போல மூன்று மடங்கு என்றும் ஒரு விதி புழக்கத்தில் இருக்கிறது. சுலபமாக நினைவில் நிற்கும், பல நேரம் சரியாகவும் வரும். ஆனால் கிராஸ்டாக்கைத் தீர்மானிப்பது டிராக் அகலம் கிடையாது, பிளேன் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான். பிளேன் 0.1 மி.மீ. அடியில் இருந்தால் மின்புலம் அங்கேயே அடங்கிவிடும். 0.3 மி.மீ. தள்ளி இருந்தால் பக்கவாட்டில் பரவும், அப்போது அதே இடைவெளி போதாது. நெளிவுக்கும் பக்கத்து லைனுக்கும் நடுவிலும் இதே இடைவெளியை விடுங்கள். இரண்டு லைன்களை எதிரெதிராக நெளித்து, பல் சக்கரம் மாதிரி ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் புகும்படி வைப்பது இடத்தை மிச்சப்படுத்தும். கிராஸ்டாக்கை வாரி வழங்கும்.

நீளமான தாமதம் தேவைப்படும் இடத்தில் இந்த விஷயம் எவ்வளவு கனமாகும் என்பதற்கு ஆர்ஜிஎம்ஐஐ நல்ல உதாரணம். ஜிகாபிட் ஈதர்நெட்டில் கன்ட்ரோலருக்கும் கேபிளோடு பேசும் பிஹெச்ஒய் சிப்புக்கும் நடுவே ஓடும் லைன்கள் இவை. கிளாக் 125 மெகாஹெர்ட்ஸ், பீரியட் 8 நானோசெகண்ட். இரண்டு விளிம்பிலும் டேட்டா மாறுவதால் கிளாக் விளிம்பு டேட்டாவின் நடுவில் விழ வேண்டும், அதற்கு அதை ஏறக்குறைய 2 நானோசெகண்ட் தாமதப்படுத்த வேண்டும். பழைய வரையறையில் இந்தத் தாமதத்தைப் போர்டில் டிராக்காகவே போட வேண்டியிருந்தது. 2 நானோசெகண்ட் என்றால் உள் லேயரில் 29 செ.மீ. நெளிவு! ஒரு லைனுக்கு, அதுவும் கிளாக்குக்கு, அதுவும் அனுப்ப ஒன்று வாங்க ஒன்று. பிந்தைய பதிப்பில் சிப்புக்குள்ளேயே அந்தத் தாமதத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். இன்று பெரும்பாலான பிஹெச்ஒய் சிப்புகளில் ஒரு ரெஜிஸ்டரிலோ, சிப்பின் ஒரு காலை ரெசிஸ்டர் வழியாகப் பவருக்கோ கிரவுண்டுக்கோ இழுத்தோ அதை இயக்கிவிடலாம். அந்த 29 செ.மீ. நெளிவைப் போடுவதற்கு முன்னால் டேட்டாஷீட்டைப் பாருங்கள். அங்கே உள்தாமதம் இயங்கிக்கொண்டிருக்கும்போது போர்டிலும் நெளிவு இருந்தால் 4 நானோசெகண்ட் ஆகி, லிங்க் எழும்பும், டேட்டா மட்டும் வராது.

பழைய கணினிகளில் செருகிய பிசிஐ கார்டு ஒன்று கிடைத்தால் தங்க விரல்களுக்கு (செருகும் ஓரத்தில் உள்ள தங்கப் பட்டைகளுக்கு) பக்கத்தில் பாருங்கள், தனியாக ஒரு நெளிவு இருக்கும். கிளாக் லைன் அது. கார்டில் கிளாக் டிராக் 2.5 அங்குலம் இருக்க வேண்டும், கூடக் குறைய 0.1 அங்குலம்தான் அனுமதி என்று பிசிஐ வரையறையே சொன்னது. மதர்போர்டு செய்பவருக்கு எந்தக் கார்டு வந்து உட்காரும் என்று தெரியாது, கார்டு செய்பவருக்கு எந்த மதர்போர்டு என்று தெரியாது. நீளத்தை இரண்டு பேருக்கும் பொதுவாக நிறுத்திவைத்தால் பிரச்சினை முடிந்தது. 33 மெகாஹெர்ட்ஸுக்கே அது தேவைப்பட்டது, கிளாக் ஒன்று என்பதாலும் அதைப் பார்த்து ஓடும் சிப்புகள் பல என்பதாலும்.

மூலை விஷயத்தில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். 90 டிகிரி மூலையின் வெளிப்புறத்தில் கொஞ்சம் கூடுதல் காப்பர் இருக்கிறது, அதனால் ஒரு சின்ன கெப்பாசிட்டன்ஸ். 0.12 மி.மீ. அகல டிராக்கில் அது அளக்கக்கூட முடியாத அளவு. அதைவிட உண்மையான காரணம் வேறு: சாஃப்ட்வேர் நடுக்கோட்டின் நீளத்தை அளக்கிறது, மின்னோட்டமோ மூலையில் உள்பக்கம் ஒட்டிப் போகிறது. 24 மூலை இருந்தால் இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். 45 டிகிரி வெட்டிலும் வில் வளைவிலும் இது குறைவு. இரண்டில் எது வேண்டுமானாலும் போடுங்கள். வில் பார்க்க அழகு, பின்னால் நகர்த்தித் திருத்தும்போது தொல்லை.

நெளிவுக்கு அடியில் பிளேன் முழுதாக இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. பிளேனில் பிளவு இருக்கும் இடத்துக்கு மேல், வியா கூட்டத்தால் சல்லடையான இடத்துக்கு மேல், போர்டின் ஓரத்தில் நெளிவைப் போட்டால், திரும்பி வரும் மின்னோட்டத்துக்கு வழி இல்லாமல் கதிர்வீச்சு கிளம்பும். வைஃபை மாட்யூல்களின் நுனியில் இதே நெளிவு வடிவம் வேண்டுமென்றே கதிர்வீசுவதற்காகப் போடப்பட்டிருக்கிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 31 மி.மீ., அதை மடக்கிச் சின்ன இடத்தில் வைத்து, அடியில் இருக்கும் கிரவுண்டை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். உங்கள் டேட்டா லைனுக்கும் அந்த ஆன்டெனாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அடியில் இருக்கும் அந்தக் கிரவுண்ட்தான்.

நெளிவைப் போடுவதற்கு முன்னால் அதைத் தவிர்க்க முடியுமா என்றும் பாருங்கள். ஒரு பைட் குழுவுக்குள் டேட்டா பிட்டுகளை இடம் மாற்றிக்கொள்ளலாம். எழுதும்போது மாறிய வரிசையிலேயே படிக்கும்போதும் வருவதால் மெமரிக்கு அது தெரியாது. சில கன்ட்ரோலர்கள் ரைட் லெவலிங்குக்காக ஒரு குறிப்பிட்ட பிட்டை நகர்த்தக் கூடாது என்று சொல்லும், கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிட்டுகளை மாற்றிப் போட்டால் ஒன்றையொன்று தாண்ட வேண்டிய லைன்கள் குறையும், வியா குறையும், 12 மி.மீ. வித்தியாசம் ஐந்தாகலாம். மெமரியை இரண்டு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்துவதும் அதே மாதிரி பலன் தரும். லைன்களை இழுக்கும்போதே குட்டையான லைன்களின் பக்கத்தில் காலி இடம் விட்டுவைப்பது இன்னொன்று. நெருக்கி இழுத்து முடித்துவிட்டு, அப்புறம் நெளிவுக்கு இடம் தேடினால் பாதி லைன்களைப் பிய்த்துத்தான் ஆக வேண்டும்.

டிஃபரென்ஷியல் ஜோடிகளின், அதாவது ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் சுமக்கும் இரட்டை டிராக்குகளின், கதை தனி. இங்கே ஜோடிக்குள் இருக்கும் இரண்டு டிராக்கும் சமமாக இருப்பதுதான் முதல் தேவை. ஒன்று முந்தினால், முந்திய அந்தச் சில பிகோசெகண்டுக்கு ஜோடி ஜோடியாக இருக்காது. சிக்னலின் ஒரு பகுதி காமன் மோடாக (இரண்டு டிராக்கிலும் ஒரே மாதிரி ஓடும் பகுதியாக) மாறி இரைச்சலாகக் கிளம்பும். ஜோடி ஒரு 90 டிகிரி திருப்பத்தில் போகும்போது வெளி டிராக் நீளமாகிறது. இரண்டு 45 டிகிரி வளைவாகத் திரும்பினால், மையத்துக்கு மையம் உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய 1.66 மடங்கு. 0.3 மி.மீ. தூரத்துக்கு 0.5 மி.மீ., அதாவது 3 பிகோசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். இடது பக்கம் ஒரு திருப்பம் என்றால் வலது பக்கம் ஒரு திருப்பம் வரும்படி பாதையை அமைத்தால் தானாகவே கழிந்துவிடும். கழியாத மிச்சத்தை, வித்தியாசம் எங்கே பிறந்ததோ அதற்குப் பக்கத்திலேயே உள் டிராக்கில் இரண்டு மூன்று சின்ன மேடுகள் போட்டுத் தீர்க்க வேண்டும். ஜோடியின் ஆரம்பத்தில் வந்த வித்தியாசத்தைப் பத்து செ.மீ. தள்ளி மறுமுனையில் சரிசெய்தால், நடுவில் உள்ள பத்து செ.மீ. முழுக்க அது காமன் மோடோடுதான் ஓடியிருக்கும். மேடு இருக்கும் இடத்தில் ஜோடியின் இடைவெளி அகலும், இம்பீடன்ஸ் (அலைக்கு டிராக் காட்டும் மின்தடை) ஏறும். ஆகவே மேட்டைத் தாழ்வாக வையுங்கள், அந்த இடத்தில் இடைவெளி வழக்கமானதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாமல்.

இரண்டு ஜோடிகளை ஒன்றோடொன்று சமப்படுத்துவது பல நேரங்களில் தேவையே இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு லேனும் (அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி) தன் கிளாக்கைத் தன் டேட்டாவுக்குள்ளேயே வைத்திருக்கிறது, லேன்களின் தாமத வித்தியாசத்தை ரிசீவர் சரிசெய்துகொள்கிறது. அங்கே லேன்களை ஒரே நீளத்துக்கு நெளிப்பது இழப்பைத்தான் கூட்டும். ஜோடிக்குள்ளே மட்டும் கறாராக இருங்கள்: மூன்றாம் தலைமுறையில் ஒரு பிட் 125 பிகோசெகண்ட்தான்.

சாஃப்ட்வேரில் செய்யும் விதம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கிகேடில் டிராக்கை இழுத்து முடித்த பிறகு 7-ஐ அழுத்தினால் ஒற்றை டிராக்கை நீட்டலாம், 8 ஜோடியின் நீளத்துக்கு, 9 ஜோடிக்குள் உள்ள வித்தியாசத்துக்கு. 2024-ல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து போட்ட நெளிவைப் பின்னால் பிடித்து இழுத்து மாற்ற முடிகிறது. அதற்கு முன்னால் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியிருந்தது. ஈகிளில் மியாண்டர் என்றே ஒரு கமாண்ட். எதைப் பயன்படுத்தினாலும் இடைவெளி என்ற கட்டத்தில் போடும் எண் ஓரத்துக்கு ஓரமா, மையத்துக்கு மையமா என்று ஒரு நெளிவை அளந்து பார்த்துவிடுங்கள். தானாக வரும் மதிப்பைப் பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்து வேறு ஏதோ ஒரு லைனை நகர்த்தினீர்கள் என்றால் நீளப் பட்டியலை மறுபடி ஓட்டுங்கள். தள்ளிக்கொண்டு போகும் ரூட்டர் பக்கத்து நெளிவைச் சத்தமில்லாமல் நசுக்கியிருக்கும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் எஸ்பிஐ 10 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு பீரியட் 100 நானோசெகண்ட். 25 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் 0.17 நானோசெகண்ட்தான், நெளிவு தேவையே இல்லை. ஐ2சி, யுஏஆர்டி பற்றிப் பேசவே வேண்டாம். யுஎஸ்பி 2.0-ன் 480 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட் 2083 பிகோசெகண்ட். ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் 90 ஓம் வரும்படி கொண்டுபோய், கனெக்டருக்கு அருகில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் வித்தியாசத்தை வைத்தால் போதும். உங்கள் போர்டில் அது ஏற்கனவே அப்படித்தான் இருக்கும். எஸ்பிஐயை 100 மெகாஹெர்ட்ஸில் நாலு லைனாக ஓட்டி ஃபிளாஷ் படிக்கிறீர்கள் என்றால் மட்டும், கிளாக்கோடு டேட்டா லைன்கள் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லாவிட்டாலும் முதலில் ஃபிளாஷை நகர்த்திப் பார்த்துவிட்டு, அப்புறம் நெளிவுக்குப் போகலாம்.